மூன்று ஆண்டுகள் உடன் படித்தும் தெரியாதா? லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் கதை பற்றி ஒரு விவாதம்

ஜனவரி 11: வாசகர் கேள்வி

சீனாவின் நான்கு பெரும் நாட்டார் கதைகளுள் ஒன்றாக லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் கதையைக் குறிப்பிடுகிறார்கள். ஆண் வேடமிட்ட பெண்ணோடு மூன்று ஆண்டுகள் ஒரே பள்ளியில் படித்து, ஒரே அறையில் தங்கியும், அவள் பெண் என்பதே தெரியாமல் இருந்தவனைக் காதல் காவியத்தின் நாயகன் என்று எப்படி ஏற்பது? ரோமியோ ஜூலியட் கதையைச் சீனத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 11, இரவு

மறுப்பு இருக்கிறது. கதை தெரியாமல் இங்கே வருகிறவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலம் கிழக்கு ஜின் அரசு, அதாவது 317 முதல் 420 வரையிலான காலப்பகுதி. இன்றைய ஜெஜியாங் மாகாணத்தின் ஷாங்யு ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்த யிங்தாய்க்குப் படிக்க ஆசை. பெண்ணுக்குப் பள்ளி இல்லாத காலம் என்பதால், தந்தையிடம் மன்றாடி, ஆணுடை தரித்து ஹாங்சோவுக்குப் புறப்படுகிறாள். வழியில் ஒரு பாலத்தருகே, குவைஜி பகுதியைச் சேர்ந்த எளிய குடும்பத்து மாணவன் லியாங் ஷான்போவைச் சந்திக்கிறாள். இருவரும் அண்ணன் தம்பியாக இருப்போம் என்று சத்தியம் செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து படிக்கிறார்கள். பிறகு வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. ஷான்போ அவளைப் பதினெட்டு லீ தூரம் நடந்தே வழியனுப்புகிறான்; லீ என்பது இன்றைய கணக்கில் அரைக் கிலோமீட்டர். வழி நெடுகிலும் அவள் குறிப்பாலேயே தன்னைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவனுக்கு எதுவும் எட்டவில்லை. கடைசியில், தன்னைப் போலவே ஒரு தங்கை வீட்டில் இருப்பதாகவும், அவளைப் பெண் கேட்டு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் பிரிகிறாள். ஆசிரியரின் மனைவி வழியாக உண்மை தெரிந்து அவன் ஓடோடி வரும்போது, அவளை மா குடும்பத்து மகனுக்குக் கொடுப்பதாகத் தந்தை வாக்களித்துவிட்டார். மாடத்தில் இருவரும் ஒருமுறை சந்தித்து அழுகிறார்கள். அவன் நோயுற்று இறக்கிறான். அவளுடைய திருமண ஊர்வலம் அவன் கல்லறையைக் கடக்கும்போது புயல் எழுகிறது, கல்லறை பிளக்கிறது, அவள் உள்ளே பாய்கிறாள், இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே பறக்கின்றன.

நீங்கள் கேட்ட கேள்வியைக் கதையே கேட்டுச் சிரிக்கிறது என்பதுதான் என் முதல் மறுப்பு. அந்தப் பதினெட்டு லீ நடை முழுவதும் நகைச்சுவைப் பகுதி. கிணற்றில் இரண்டு நிழல்களைக் காட்டுகிறாள், அவனுக்குப் புரியவில்லை. குளத்தில் இணை பிரியாத மாண்டரின் வாத்துகளைக் காட்டுகிறாள், அப்போதும் புரியவில்லை. இறுதியில் அவனை மண்டு வாத்து என்றே கடிந்துகொள்கிறாள். அரங்கில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது என்பதில்தான் பாதி நாடகம் ஓடுகிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வரும் மரணம்தான் கனமாக விழுகிறது. அவனைப் புத்திசாலியாக ஆக்கிவிட்டால் கதையே இல்லை.

ஜனவரி 12

ரோமியோ ஜூலியட் நகல் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1954-இல் ஜெனீவா மாநாட்டுக்குச் சீனப் பிரதமர் சௌ என் லாய் சென்றிருந்தார். கொரியாவும் இந்தோசீனாவும் பேசப்பட்ட மாநாடு அது. அங்கே வெளிநாட்டவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு படம் போட்டுக் காட்ட முடிவாயிற்று. மக்கள் சீனத்தின் முதல் வண்ணப் படமான ‘லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்’ என்ற படம்தான் அது; யுவே எனும் ஜெஜியாங் வட்டார இசை நாடக வகையில் எடுத்தது. கதையை விளக்கிப் பல பக்கங்களில் கையேடு தயாரிக்க முயன்ற அதிகாரிகளிடம், அழைப்பிதழில் ‘சீனத்து ரோமியோ ஜூலியட்’ என்று ஒரு வரி போட்டாலே போதும் என்று சௌ என் லாய் சொன்னதாக அந்தக் குழுவில் இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அது விருந்தினருக்காகச் சொன்ன ராஜதந்திர வாசகம். அதை எழுபது ஆண்டுகளாக இலக்கிய ஆய்வு முடிவைப் போல எல்லோரும் எடுத்தாள்கிறார்கள்.

உண்மையில் இரண்டு கதைகளுக்கும் முடிவில் கல்லறை இருப்பதைத் தவிரப் பொதுவானவை குறைவு. இங்கே குடும்பப் பகை இல்லை. கண்டதும் காதல் இல்லை. நஞ்சு இல்லை, கத்தி இல்லை. மூன்று ஆண்டுகள் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்ட நட்பு, ஒரு நாள் வேறு பெயர் பெறுகிறது. காலக் கணக்கும் ஒத்துவரவில்லை: ஷேக்ஸ்பியர் தமது நாடகத்தை எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கதை சீனத்தில் எழுத்தில் இருக்கிறது.

ஜனவரி 14

‘எழுத்தில் எப்போது?’ என்று கேட்டிருந்தார்கள். இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் இன்று அறிந்திருக்கும் கதை அடுக்கடுக்காகச் சேர்ந்தது.

தாங் அரசுக் காலத்து (618 முதல் 907 வரை) நூல்களில் இருவரும் சேர்ந்து படித்ததும் ஒன்றாகப் புதைக்கப்பட்டதும் சுருக்கமாகக் குறிப்பிடப்பட்டதாகப் பிற்கால நூல்கள் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் ஓரளவு விரிவான வரலாறாகக் கிடைப்பது சோங் காலத்தில், 1107க்கும் 1110க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், லி மாவ்செங் என்ற அதிகாரி நிங்போவில் ஷான்போவின் கோயிலுக்காக எழுதிய குறிப்புதான். ஆம், கோயில். அந்தக் குறிப்பின்படி ஷான்போ 352-இல் பிறந்து, இன்றைய நிங்போ பகுதியில் நீதிபரிபாலனம் செய்யும் அதிகாரியாக இருந்து, 373-இல் நோயால் இறக்கிறான். இருபத்தொரு வயது. 375-இல் மா குடும்பத்துக்கு மணப்பெண்ணாகப் படகில் போகும் யிங்தாய், காற்றும் அலையும் படகை நகரவிடாததால் இறங்கிக் காரணம் கேட்கிறாள். அது அவனுடைய கல்லறை என்று அறிந்து அழுகிறாள். நிலம் பிளந்து அவளை விழுங்குகிறது. உடன் வந்தவர்கள் அவள் ஆடையைப் பற்றி இழுக்க, ஆடை கிழிந்து மேகத்துண்டுகளாகப் பறக்கிறது. செய்தி அரசவைக்கு எட்டுகிறது. அமைச்சர் ஷியே ஆன் பரிந்துரைக்க, அந்த இடத்துக்கு அறநெறி தவறாத மனைவியின் கல்லறை என்று அரசு பட்டம் வழங்குகிறது.

எனக்கு இந்தக் குறிப்பில் உறுத்துவது அந்தப் பட்டம்தான். அவள் யாருக்கும் மனைவியாக இருக்கவில்லை. தந்தை ஏற்பாடு செய்த மணத்தை வேண்டாம் என்று நிலத்துக்குள் போனவள். அந்த மறுப்பை அப்படியே விட்டால் எந்த அரசுக்கும் சங்கடம். ஆகவே அதைக் கற்பு என்ற பெயரில் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்கள். இந்த உத்தி நமக்கும் புதியதல்ல. அதே குறிப்பில் ஷான்போவின் ஆவி பிற்காலத்தில் ஒரு கலகத்தை அடக்க அரசுப் படைக்குத் துணைபுரிந்து ‘விசுவாசமிக்க அரசர்’ என்ற பட்டம் பெறுவதும் வருகிறது. ஆக, முதல் விரிவான எழுத்துவடிவத்தில் காதலர்கள் இருவரும் அரசு ஊழியர்களாகவே முடிகிறார்கள்.

வண்ணத்துப்பூச்சி லி மாவ்செங்கின் குறிப்பில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மக்கள் வாயில் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. தாங் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த லுவோ யே என்ற கவிஞர் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய பாடலில், அந்தப் பெண்ணின் ஆடை வண்ணத்துப்பூச்சியானதாக ஊரார் சொல்வதை ஒரு வரியிலும், வண்ணத்துப்பூச்சியாகத் தன்னைக் கனவு கண்ட தத்துவஞானி சுவாங்சியை அடுத்த வரியிலும் வைக்கிறார். சுவையான செய்தி என்னவென்றால், அந்தப் பாடலும் அதற்கு உரையாக இணைந்த கதைப் பாட்டும் கொரியாவின் கோரியோ அரசுக் காலத்துத் தொகுப்பு ஒன்றில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷுவே ஜிஷுவான் யிஷிங் ஊரின் குகைப் பக்கம் போய் எழுதிய கவிதையிலும் வண்ணத்துப்பூச்சி ஆடுகிறது. 1620களில் ஃபெங் மெங்லாங் தமது சிறுகதைத் தொகுப்பில் இக்கதையை முன்கதையாகச் சேர்க்கும்போதும் கிழிந்த துணிதான் வண்ணத்துப்பூச்சியாகிறது. ஆனால் அது இருவரின் ஆவி என்று மக்கள் சொல்வதாகவும் சேர்க்கிறார். துணியிலிருந்து ஆவிக்கும், ஆவியிலிருந்து இன்றைய மேடையில் காதலர்களே சிறகு விரிப்பதற்கும் வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஜனவரி 14, சிறிது நேரம் கழித்து

மேலே எழுதியதில் விட்டுப்போனது: இந்தக் கதையை முறையாக ஆராயத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். குவாங்சோவின் சுன் யாட் சென் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த நாட்டாரியல் இதழ் 1930-இல் யிங்தாய் கதைக்காகவே சிறப்பிதழ் வெளியிட்டது. சிறப்பிதழின் பெயரில் ஷான்போ இல்லை, யிங்தாய் மட்டுமே இருக்கிறாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வாதத்துக்கு அது பின்னால் உதவும்.

ஜனவரி 17

‘உண்மையில் நடந்ததா, கல்லறை எங்கே?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பல ஊர்கள் பல பதில்களை வைத்திருக்கின்றன. நிங்போவில் கல்லறையும் கோயிலும் இருக்கின்றன. ஷாங்யு அவளுடைய பிறந்த ஊர் என்கிறது. ஜியாங்சு மாகாணத்தின் யிஷிங், அவள் படித்த இடம் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறது. ஷாந்தோங்கின் ஜினிங் பகுதியில் 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருவரின் கல்லறையைக் குறிப்பிடுகிறது. ஹேனான் மாகாணத்தின் ருநானும் போட்டியில் இருக்கிறது. 2006-இல் சீன அரசு வெளியிட்ட முதல் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் இக்கதை இடம்பெற்றபோது, ஊர்களில் எதையும் விலக்க மனமில்லாமல், ஹாங்சோவையும் சேர்த்து எல்லாவற்றையும் சேர்ந்தே உரிமையாளர்களாக எழுதிவிட்டார்கள். நிர்வாகத் தீர்வு என்றால் இதுதான்.

என்னைக் கேட்டால், இத்தனை கல்லறைகள் இருப்பதே இது வரலாறல்ல என்பதற்குப் போதிய சான்று. கதையைக் கேட்ட ஒவ்வொரு வட்டாரமும் தன் மண்ணில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

வேலை நிமித்தமாக ஹாங்சோவில் தங்கியிருந்தபோது, இருவரும் படித்ததாகச் சொல்லப்படும் வான்சோங் கல்விக்கூடத்தைப் பார்க்கப் போயிருக்கிறேன். மேற்கு ஏரிக்குத் தெற்கே, மரங்கள் அடர்ந்த குன்றின் மேல் இருக்கிறது. அந்தக் கல்விக்கூடம் நிறுவப்பட்டது 1498-இல். கதை நிகழ்வதோ நான்காம் நூற்றாண்டில். ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளியை அங்கே யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை; வகுப்பறையில் இருவரின் மேசையையே காட்டுகிறார்கள். ஆனால் என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. நான் போனது ஒரு சனிக்கிழமை. வளாகத்தில் நடுத்தர வயதைக் கடந்த தாய்மாரும் தந்தையரும் கூட்டமாக நின்று, தங்கள் பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, வேலை, சொந்த வீடு உண்டா என்ற விவரங்களைத் தாள்களில் எழுதித் தொங்கவிட்டு, எதிர்த் தரப்புத் தாள்களைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். வரன் தேடும் சந்தை அது. சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவதாகச் சொன்னார்கள். பெற்றோர் பார்த்த வரனை மறுத்து உயிர்விட்டவளின் பள்ளியில், பெற்றோரே வரன் பார்க்கிறார்கள். பிள்ளைகள் யாரையும் அங்கே காணவில்லை. யிங்தாயின் தந்தை இன்று இருந்தால் அவரும் ஒரு தாளோடு வந்திருப்பார்.

ஜனவரி 18

காதில் துளை இருந்ததைப் பார்த்துமா அவள் பெண் என்று தெரியவில்லை என்று கேட்ட நண்பருக்கு: அதற்கும் கதையில் பதில் இருக்கிறது. ‘உன் காதில் ஏன் துளை?’ என்று ஷான்போ நேராகவே கேட்கிறான். ஊர்த் திருவிழாக்களில் ஆண்டுதோறும் கருணைத் தெய்வமான குவான்யின் தேவியின் வேடம் தனக்குத்தான் கிடைக்கும், அதற்காகக் குத்தியது என்று அவள் சமாளிக்கிறாள். அவன் நம்பிவிடுகிறான். ஆணாக நடிக்கும் பெண், தான் பெண்ணாக நடிக்கும் ஆண் என்று பொய் சொல்கிறாள்.

சில வட்டாரக் கதைகளில் இருவரின் படுக்கைக்கும் நடுவில் தண்ணீர் நிரம்பிய கிண்ணம் வைக்கப்படுகிறது. யார் புரண்டு தண்ணீரைக் கொட்டுகிறார்களோ அவர்களுக்குத் தண்டனை என்பது அவளுடைய நிபந்தனை. படிப்பில் கவனம் சிதறக்கூடாது என்பது அவள் சொன்ன காரணம். இவ்வளவு ஏற்பாடு செய்தவளை எதிர்த்து அந்த அப்பாவி என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

ஜனவரி 21

ஷான்போவை நாயகன் என்று எப்படி ஏற்பது என்பதுதான் தொடக்கக் கேள்வி. என் பதில்: ஏற்க வேண்டாம். இது யிங்தாயின் கதை. படிக்க வேண்டும் என்று முடிவெடுப்பவள் அவள், வேடமிடுபவள் அவள், குறிப்பு உணர்த்துபவள் அவள், இல்லாத தங்கையைப் படைத்துத் தனக்குத் தானே தூது நடப்பவள் அவள், கல்லறையில் பாய்பவளும் அவள். கதையில் ஷான்போ தானாகச் செய்யும் பெரிய காரியம் சாவது ஒன்றுதான்.

இந்தக் கதையைக் காப்பாற்றியவர்களும் பெருமளவு பெண்கள்தான். ஹுனான் மாகாணத்தின் ஜியாங்யோங் பகுதியில், பள்ளிக்குப் போக முடியாத கிராமத்துப் பெண்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ‘நூஷு’ என்ற தனி எழுத்து வைத்திருந்தார்கள். ஆண்களால் வாசிக்க முடியாத அந்த எழுத்தில் அவர்கள் பாடலாக எழுதி வைத்த கதைகளுள் யிங்தாய் கதையும் ஒன்று. படிப்பு மறுக்கப்பட்டவர்கள், படிக்கப் போனவளின் கதையைத் தங்கள் சொந்த எழுத்தில் எழுதிக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது யுவே இசை நாடகம். 1906-இல் ஜெஜியாங்கின் ஷெங் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், நெல் அடிக்கும் மரத்தொட்டிகளின் மேல் கதவுப் பலகைகளைப் பரப்பி, விவசாயிகள் நடத்திய ஆட்டம் அதன் தொடக்கம். அப்போது நடித்தவர்கள் ஆண்கள். 1923-இல் சிறுமிகளுக்கான முதல் பயிற்சிக் குழு தொடங்கியது. 1930களிலும் 1940களிலும் ஷாங்காய் நகரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் குழுக்கள் கோலோச்சின. ஆலைத் தொழிலாளர் பெண்களும் இல்லத்தரசிகளும் பார்வையாளர்கள். அங்கே இந்தக் கதை முதன்மை நாடகமாயிற்று. பழைய வடிவத்தில் மலிந்திருந்த கொச்சை நகைச்சுவையை நீக்கி, அவளுடைய துயரத்துக்கு முதன்மை கொடுத்து மாற்றியவர்களில் முக்கியமானவர் யுவான் ஷுவேஃபென். ஜெனீவாவில் காட்டப்பட்ட படத்தில் அவர்தான் யிங்தாய். ஷான்போவாக நடித்த ஃபான் ருய்ஜுவானும் ஒரு பெண்.

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்புங்கள். ஆணாக வேடமிட்ட பெண்ணைப் பெண் என்று அறியாத ஆணாக ஒரு பெண்ணே நடிக்கும்போது, ‘எப்படித் தெரியாமல் போயிற்று?’ என்ற கேள்வியை அரங்கில் எவரும் கேட்பதில்லை. யிங்தாய் செய்யும் அதே காரியத்தை ஷான்போவாக நடிப்பவரும் செய்துகொண்டிருக்கிறார், நாமும் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

1963-இல் ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனம் லி ஹான்ஷியாங் இயக்கத்தில் இதே கதையை ஹுவாங்மெய் என்ற வட்டார இசை நாடக வகையின் மெட்டுகளில் படமாக்கியது. ஷான்போவாக நடித்துத் தன் குரலில் பாடியவர் லிங் போ என்ற நடிகை. தைபே நகரில் அந்தப் படம் கிளப்பிய பித்து இன்றும் பேசப்படுகிறது: திரும்பத் திரும்பப் பல பத்து முறை பார்த்தவர்கள், வசனம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த பாட்டிகள், லிங் போ ஊருக்கு வந்தபோது தெருவை அடைத்த கூட்டம். தைபேயைப் பைத்தியக்கார நகரம் என்றே அக்காலப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்த ஆண்டு தைவானின் தங்கக் குதிரை விருதுக் குழுவுக்கு ஒரு சிக்கல் வந்தது: லிங் போவுக்குச் சிறந்த நடிகர் விருதா, சிறந்த நடிகை விருதா? முடிவெடுக்க முடியாமல் தனியாக ஒரு சிறப்பு விருதை உண்டாக்கிக் கொடுத்தார்கள். யிங்தாயாக நடித்த லே டி சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

ஜனவரி 24

ஷான்போவைப் பற்றி முன்னே எழுதியதை மீண்டும் படித்தேன். அவனை வெறும் சாவதற்காக வந்தவனாக விட்டுவிட இப்போது மனம் ஒப்பவில்லை. உண்மை தெரிந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். மூன்று ஆண்டுகள் ஏமாற்றப்பட்டதாக அவன் ஒரு கணமும் கோபப்படுவதில்லை. ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?’ என்று கேட்பதில்லை. தம்பி என்று நினைத்தவர்மேல் வைத்த அன்பு, அவர் பெண் என்று தெரிந்ததும் அப்படியே, அளவு குறையாமல், இடம் மாறி அமர்கிறது. அக்காலத்து ஆண்மகன் ஒருவனுக்கு இது சாதாரண குணம் இல்லை. படிக்கும்போது அவளைத் தனக்குச் சமமாக எண்ணிப் பழகியவன் அவன் ஒருவனே. சமமாக எண்ணக் காரணம், அவள் பெண் என்பது தெரியாததுதான். அவனுடைய அறியாமையைக் கதை இவ்வளவு பரிவோடு நடத்துவதற்கு அதுவே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்திருந்தால் அவளுக்கு அந்த மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்காது.

ஜனவரி 27

இசையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டவருக்கு.

நான் இந்தக் கதைக்குள் நுழைந்ததே இசை வழியாகத்தான். சிறுவயதில் கர்நாடக வயலின் கற்றவன். யாரோ கொடுத்த ஒலிநாடாவில் ‘வண்ணத்துப்பூச்சிக் காதலர்’ வயலின் கான்செர்ட்டோவை, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, கேட்டபோது, மேற்கத்திய இசைக்குழு முழங்கும் நடுவில் புல்லாங்குழல் முடிந்து வயலின் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் காதுக்கு அது மோகனம். ஐந்து சுரங்கள், ச ரி க ப த. வில்லை இழுத்தபடியே விரலை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிக்கொண்டு போகும் முறை, எர்ஹு என்ற இருதந்திச் சீன வாத்தியத்தின் பழக்கம். எனக்கோ அது கர்நாடக இசையின் ஜாரு என்ற சறுக்கல் கமகமாகக் கேட்டது. என் ஆசிரியரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘மோகனத்தில் இவ்வளவு அழுகை எங்கேயடா இருந்தது?’ என்றார்.

இதை எழுதியவர்கள் ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்களான ஹ ஜான்ஹாவும் சென் காங்கும். ஹ ஜான்ஹாவ் யுவே நாடகக் குழுவில் வாசித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். மேற்கத்திய இசை கிராமத்து மக்களுக்கு எட்டவில்லை என்ற எண்ணத்தில், வயலினைச் சீனமாக்கும் முயற்சிக்காக மாணவர்கள் ஒரு குழு அமைத்திருந்தார்கள். புதிய சீனத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பெரிய படைப்பு ஒன்று தேவைப்பட்டது. கல்லூரியின் கட்சிச் செயலர் மெங் போவுக்கு அனுப்பிய தலைப்புகள் மூன்று: ஊர்தோறும் உருக்கு உற்பத்தி, மக்கள் அனைவரும் போர்வீரர், லியாங்-ஜூ கதை. மெங் போ மூன்றாவதில் குறியிட்டார். அந்தக் குறி முதல் தலைப்பில் விழுந்திருந்தால் இன்று நாம் உலை பற்றிய கான்செர்ட்டோவைக் கேட்டுக்கொண்டிருப்போம். அல்லது கேட்காமல் இருந்திருப்போம்.

1959 மே 27 அன்று ஷாங்காயில் அரங்கேறியபோது வயலின் வாசித்தவர் பதினெட்டு வயது மாணவி யூ லினா. கைதட்டல் ஓயாததால் முழுப் படைப்பையும் மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. கல்லறைக் காட்சியில் பீக்கிங் நாடகத்தின் பதைபதைக்கும் தாளமுறை புகுகிறது. மாடச் சந்திப்பில் வயலின் யிங்தாயாகவும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செலோ ஷான்போவாகவும் மாறி மாறிப் பேசுகின்றன. அந்த உரையாடலை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டுப் பாருங்கள். செலோ எப்போதும் ஒரு மூச்சு தாமதமாகவே பதில் சொல்வது போலிருக்கும்.

சென் காங்கின் வாழ்க்கையையும் சேர்த்தே இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவருடைய தந்தை சென் கெஷின், 1940களின் ஷாங்காயில் புகழ்பெற்ற திரைப்பாடல், மெல்லிசைப் பாடல் இசையமைப்பாளர். 1957-இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு, ஆன்ஹுய் மாகாணத்து உழைப்புப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். 1961-இல் அங்கேயே இறந்தார். மகன் இந்தப் படைப்பை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் தந்தை பண்ணையில் இருந்தார். பிறகு வந்த பண்பாட்டுப் புரட்சியில் கான்செர்ட்டோ நச்சுக்களை என்று தடுக்கப்பட்டது. 1970களின் இறுதியில்தான் மீண்டும் மேடையேறியது. மரணத்துக்குப் பின் சிறகு முளைப்பதைப் பற்றிய கடைசிப் பகுதியை அழகியலாக மட்டும் என்னால் கேட்க முடிவதில்லை.

ஜனவரி 29

சீனத்துக்கு வெளியே? இந்தோனேசியாவில் இந்தக் கதைக்கு ‘சம்பெக் எங்தாய்’ என்று பெயர். ஹொக்கியன் மொழி பேசும் குடியேறிகள் கொண்டுபோன உச்சரிப்பு. ஜாவாவின் கெத்தோப்ராக் நாடகக் குழுக்கள் அதை நடித்தன. பாலித் தீவில் அது பாலினிய மொழிச் செய்யுளாகவே ஆகிவிட்டது. 1931-இல் த தெங் சுன் அதை அங்கே திரைப்படமாக எடுத்தார். சுகார்த்தோ ஆட்சியில் சீன எழுத்துக்கும் சடங்குகளுக்கும் பொதுவெளியில் தடை இருந்த காலத்தில், 1988-இல் ஜகார்த்தாவின் தெயாத்தர் கோமா குழு, ரியாந்தியார்னோவின் இயக்கத்தில் இதை மேடையேற்றியது; மறு ஆண்டு மேடான் நகரில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சியதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பிப்ரவரி 2

இருவர் கேட்ட சில்லறைக் கேள்விகளுக்கு ஒரே குறிப்பில் பதில்.

ஷான்போ ஏன் தாமதமாக வந்தான்? வட்டாரக் கதைகள் சிலவற்றில் அதற்கு ஒரு கணக்குப் புதிர் இருக்கிறது. எப்போது வரவேண்டும் என்பதை யிங்தாய் ‘இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும்’ என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு சோடியும் பத்து; பத்து நாளில் வா என்பது பொருள். அவன் எல்லாவற்றையும் கூட்டி முப்பது நாள் என்று எடுத்துக்கொள்கிறான். மா குடும்பம் இடையில் வந்துவிடுகிறது. பதினெட்டு லீ நடையில் இவ்வளவு பட்ட பிறகும் அவனிடம் புதிர் போட்டது அவள் தவறு என்பது என் கருத்து.

யிங்தாய்க்கு நிச்சயித்த மா குடும்பத்து மகன் மா வென்சாய்க்கு என்ன ஆயிற்று? மேடையில் அவனைப் பெரும்பாலும் செல்வச் செருக்குள்ள கோமாளியாக்கிவிடுகிறார்கள். அவனைப் பொறுத்தவரை, முறைப்படி நிச்சயித்த மணப்பெண் ஊர்வலத்தின் நடுவில் மண்ணுக்குள் மறைந்துவிட்டாள். இந்தக் குறையைத் தீர்க்க, பிற்காலக் கதைப்பாடல்கள் அவனைப் பாதாள உலகத்துக்கே அனுப்புகின்றன. அங்கே யமராஜனின் நீதிமன்றத்தில், என் மனைவியை லியாங் ஷான்போ கவர்ந்துவிட்டான் என்று அவன் முறையீடு செய்கிறான். யமன் வாதி, பிரதிவாதி எல்லோரையும் அழைத்து விசாரித்து, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, விதிப்படி யிங்தாயும் ஷான்போவுமே தம்பதிகள் என்று தீர்ப்புக் கூறுகிறான். அதோடு நிற்காமல் அவர்களை உயிர்ப்பித்து அனுப்பிவைக்கும் பாடல்களும் உண்டு; அவற்றில் ஷான்போ படைத்தளபதியாகிப் போருக்குப் போகிறான். இந்தப் பகுதியை இன்றைய மேடையில் எவரும் நடிப்பதில்லை. நான் நாடகக்காரனாக இருந்தால் அந்த நீதிமன்றக் காட்சியைத்தான் முதலில் எடுத்திருப்பேன், அதிலும் யிங்தாய்க்குச் சாட்சிக் கூண்டில் நீண்ட வசனம் கொடுத்து.

நிங்போவில் இருக்கும் கோயிலைப் பற்றிக் கேட்டவருக்கு: அது இன்றும் வழிபாட்டில் உள்ள இடம். தம்பதிகள் சேர்ந்து முதுமை காண வேண்டுமானால் லியாங் ஷான்போ கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் பழமொழியே இருக்கிறது. இருபத்தொரு வயதில் மணமாகாமல் இறந்தவனிடம் போய் நீண்ட இல்லறம் கேட்கிறார்கள். கொடுக்கிறானாம்.

அடுத்த வாரம் வெள்ளைப் பாம்பு கதைக்குத் தனி விவாதம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அதில் யாரும் ரோமியோவை இழுத்து வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.